வாட்ச்மேன் போனுக்குப் போன மழை எச்சரிக்கை

பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் மழைத் தண்ணீர் இறங்கினால் இடுப்பளவு நிற்கும். நான் ரிட்டயர் ஆவதற்குச் சில மாதம் முன்பு, ஐப்பசியில் ஒரு மதியம், வாட்ச்மேன் ஏழுமலை வீடு வீடாக பெல் அடித்துக்கொண்டு வந்தார்.

"சார், நாளைக்கு செம மழையாம். காரை மேல ஏத்திடுங்க."

"யார் சொன்னது?"

"நீங்கதான் சார் மெசேஜ் அனுப்பிச்சீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் சீனியர் ஃபீல்ட் ஆபீசர். மாறிவரும் பருவநிலைக்கு ஏற்ப விவசாயம் செய்யச் சிறு விவசாயிகளுக்கு உதவும் ப்ராஜெக்ட். பெருமழைக்கு முந்தின நாளே மெசேஜ் போகும்: விளைந்ததை எடுத்துவிடுங்கள், வடிகாலைத் திறந்துவிடுங்கள்.

முடிச்சூர் பக்கம் முப்பது சென்ட் கீரை நிலம் வைத்திருந்த ஏழுமலையும் என் பயனாளிதான். அவரைச் சேர்த்தது எங்கள் கேட்டில். டார்கெட்டுக்கு ஒரு ஆள் குறைந்தது. "நானும் விவசாயிதான் சார்" என்றார். என் கார் பானெட்டிலேயே ஃபார்மை வைத்து, பட்டா யார் பேரில், போன் நம்பர் என்ன என்று ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். நிலத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் மட்டும் 'கள ஆய்வு முடிந்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

காரை மேலே ஏற்றிவிட்டு, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'வானிலைச் சேவை உபயம்: அடியேன்' என்று போட்டேன். மறுநாள் கொட்டித் தீர்த்தது. ஒரு கார்கூட நனையவில்லை. செக்ரட்டரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மூன்றாம் நாள் ஏழுமலை முகம் தொங்கிக் கிடந்தது.

"கீரை பூரா பூட்ச்சு சார்."

"மெசேஜ் வந்துச்சே! வீட்ல சொல்லலையா?"

"வூட்ல ஒரே போன்தான் சார், அது என்கைல கீது. ரிலீவர் வர்ல, டபுள் டூட்டி. கேட்ட வுட்டு எப்டி நவுர்றது?"

விதைப்பது, தண்ணீர் கட்டுவது, பிடுங்கிக் கட்டுக் கட்டித் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர் மனைவி கன்னியம்மாதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவசரமாக நிலத்துக்குப் போனேன். கன்னியம்மா அழுகிய சிறுகீரையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா புடுங்கி மார்க்கெட்டுக்கு அனுப்பிருப்பேன் சார்."

நான் ப்ராஜெக்டைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தேன்.

"உன் காரு நனஞ்சிச்சா சார்?"

"இல்லம்மா."

"அப்ப மெசேஜு நல்லாத்தான் வேல செய்து."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இந்தக் கீரைய நம்பித்தான் சித்தாள் வேலைய வுட்டேன். இனிமே மண்ணு காஞ்சி, வெதைக்கு வழி பண்ணணும். அதுவரைக்கும் மறுபடி சித்தாளுக்குத்தான் போவணும்" என்றார்.

என் பழைய போனை அவருக்குக் கொடுத்து, ஃபார்மில் நம்பரை மாற்றினேன். பாவம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த எச்சரிக்கை வந்தது. மெசேஜை நம்பாமல் நானே போன் செய்தேன். அந்தப் பக்கம் காங்கிரீட் மிக்ஸர் ஓடும் சத்தம்.

"அம்மா, நாளைக்குப் பெரிய மழை!"

"இரு சார்" என்றவர், அங்கே யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். "மேஸ்திரி! நாளைக்கு மழையாம், தளம் போடாத!"

பிறகு என்னிடம், "ரொம்ப டேங்க்ஸ் சார். நான் இன்னும் வெத போடல" என்றார்.

ஆக, என் ப்ராஜெக்ட் முதலில் கார்களைக் காப்பாற்றியது, அடுத்து காங்கிரீட்டை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஃபார்மை நிலத்தில் போய் நிரப்புங்கள். அங்கே வேலை செய்வது யார் என்று கண்ணால் பார்த்த பிறகு நம்பரை எழுதுங்கள். எனக்கு இது புரிந்தபோது சர்வீஸில் மூன்று மாதம் பாக்கி இருந்தது. அந்த மூன்று மாதமும் கன்னியம்மா செங்கல்தான் சுமந்தார்.