கையைக் கற்றுக்கொண்ட லேத்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் நானும் எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் புளியமரமும் வெள்ளைப் புடவையும்தான் என்று இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இதில் வருவது இரும்பு கடையும் ஒரு லேத் மிஷின்.

லோகநாதனுக்கு அதுதான் முதல் வேலை. பாரிவாக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அவன் டிப்ளமோ முடித்து, பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டு கடையும் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகியிருந்தான். அவன் அம்மா கன்னியம்மா பால் வாங்கப் போனால்கூட, “எம் பையன் கம்ப்யூட்டர் பாக்கறான்” என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

கம்ப்யூட்டர் என்றால் அந்த லேத்துதான். முதலாளி ராஜசேகரன் வெளிநாட்டுப் பழைய சரக்காக ஏலத்தில் எடுத்தது. லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் கைச்சக்கரத்தைச் சுற்றி ஒரே ஒரு ஷாஃப்ட் கடைந்து காட்டினால் போதும். அந்தக் கை எங்கே வேகமாகப் போனது, எங்கே நின்றது என்று எல்லாவற்றையும் அது மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு அந்தக் கைக்கான பட்டனைத் தட்டினால் ஆளே இல்லாமல் அப்படியே கடைந்து தள்ளும்.

கற்றுக்கொடுக்கத்தான் ஆள் வரவில்லை. எட்டு டர்னர்களும் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்கள்.

லோகநாதன் என்னென்னவோ செய்து பார்த்தான். பஜ்ஜி வாங்கிக் கொடுத்துப் பேசினான். ஜப்பானைப் பற்றிச் சொன்னான். வேலை போகாது, முதுகுவலிதான் போகும் என்றான். பஜ்ஜி மட்டும் தீர்ந்தது.

“பிட் அடிச்சி பாஸ் பண்ற மிஷினு சார் இது,” என்றான் வேம்புலி. அங்கே வாய்த்துடுக்கு அவனுக்குத்தான் அதிகம்.

மூத்தவர் துலுக்கானம் சிரிக்கவில்லை. “எங்க கைய அது கத்துக்கினா, அப்பால எங்க கையி இன்னாத்துக்கு சார்?”

முதலாளி ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் அது ஓட வேண்டும். இல்லாவிட்டால் மிஷினை விற்றுவிடுவார், லோகநாதனும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொருவரும் தன் லேத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். புது மிஷினுக்கு ஒருவர்கூடப் பொட்டு வைக்கவில்லை. லோகநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

துலுக்கானம் மட்டும் சைக்கிள் செயினை நோண்டிக்கொண்டு குந்தியிருந்தார். கடைசி ஆள் போனதும் உள்ளே வந்தார்.

“ஒரு தபா தொட்டுப் பாக்கணும் போல கீது நைனா. மத்தவனுங்க கண்ணுல படாம.”

லோகநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “இப்பவே வாண்ணாத்தே.”

“இன்னிக்கா? பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. நாளிக்கு பாக்கலாம்.”

நாளைக்கு என்றால் எல்லோரும் இருப்பார்கள். அவர் மனம் மாறிவிடும். லோகநாதன் விடவில்லை. “இத யாரு பூஜைல வெச்சீங்க? பொட்டே வெக்கலியே. அப்பால தொட்டா இன்னா தப்பு?”

துலுக்கானம் யோசித்தார். அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். அங்கேதான் இரண்டு பேரும் கோட்டை விட்டார்கள்.

ஷெட்டில் கற்பூர வாசம் இன்னும் போகவில்லை. தகரக் கூரை வெயிலில் படபடத்தது. துலுக்கானம் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கைச்சக்கரத்தைப் பிடித்தார். ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி வந்தது. அடுத்து பட்டனைத் தட்டினான் லோகநாதன். இரும்பைச் சீவும் டூல் தானாக நகர்ந்தது. அவர் கை நின்ற இடத்தில் நின்றது. அவர் இழுத்த இடத்தில் இழுத்தது.

“டேய்... நானேதான்டா அது,” என்று துலுக்கானம் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டாவது ஷாஃப்ட். டூல் பாதியில் தயங்கியது. பிறகு நகர்ந்தது. வெளியே எடுத்துத் தடவினால்... நடுவில் மெல்லிய அலை. நடுங்கும் கையால் கோடு போட்ட மாதிரி.

“நான் இப்டி ஓட்டலியே,” என்றார்.

லோகநாதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எதுவும் லூஸ் இல்லை. நிமிர்ந்தபோதுதான் பார்த்தான்.

பட்டன்களுக்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு. ஈரமாக.

“நீயா வெச்ச?”

“நீ வெச்சேன்னு நெனச்சேன்.”

ஷெட்டில் வேறு யாரும் இல்லை. கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது.

க்ர்ர்ர்...

மிஷினில் இரும்பே மாட்டவில்லை. பட்டனை யாரும் தொடவில்லை. டூல் மட்டும் வெறும் காற்றில் நகர்ந்தது.

க்ர்ர்... க்ர்ர்ர்...

லோகநாதன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான்.

விளக்கு அணைந்தது.

மோட்டார் நின்றது.

பிறகு... கைச்சக்கரம் அசைந்தது.

அரைச் சுற்று. நின்றது. மறுபடி அரைச் சுற்று. துலுக்கானம் சுற்றுகிற அதே தினுசில்.

அவர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“போலாம் நைனா,” என்றார்.

மறுநாள் துலுக்கானம் வேலைக்கு வரவில்லை. லோகநாதன் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்து, ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தான். மிச்சக் கரண்டு, வெயில் சூடு, பெல்ட்டின் இழுப்பு. டிப்ளமோ படித்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பழைய துணியால் பொட்டைத் துடைத்தான். முந்தின நாள் வைத்த பொட்டு அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. துணியைச் சுருட்டி எறிந்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டான்.

“எங் கையவே குடுக்கறேன். பாருங்க.”

அவன் ஒன்றும் பெரிய டர்னர் இல்லை. கடைசி வளைவில் தடிப்பாக விட்டுவிட்டான். மிஷினும் அதே இடத்தில் தடிப்பு விட்டது. எட்டிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்லாம் இளகிவிட்டது.

“நவுரு சார், நான் காட்றேன்,” என்று முதலில் வந்தவன் வேம்புலி. சாயங்காலத்துக்குள் ஏழு பேரும் ஆளுக்கொரு ஷாஃப்ட் கடைந்து காட்டிவிட்டார்கள். ராஜசேகரன் ஜிலேபி வாங்கி வந்தார். கன்னியம்மா மாங்காட்டு அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் கழித்துத் துலுக்கானம் வந்தார். வலது கை நிற்காமல் நடுங்கியது. நரம்புக் கோளாறு என்று டாக்டர் சொன்னாராம். பிடிவாதமாகத் தன் பழைய லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைந்தார். நடுவில் அலை. பூஜையன்று மிஷின் கடைந்ததை லோகநாதன் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். இரண்டும் நெளிவுக்கு நெளிவு ஒன்று. மிஷின் அதைக் கடைந்தபோது துலுக்கானத்தின் கை நன்றாகத்தான் இருந்தது.

துலுக்கானம் இரண்டையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். ஓட்ட முடியவில்லை.

“இனிமே யாரும் அதுங்கிட்ட போவாதீங்க,” என்று லோகநாதன் மற்றவர்களிடம் கெஞ்சினான்.

“வெறும் மிஷினுன்னு நீதான சார் சொன்ன?” என்றான் வேம்புலி. “பஜ்ஜி வேற வாங்கிக் குடுத்த.”

ஒருவரும் கேட்கவில்லை. சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். முதுகுவலியும் நிஜமாகவே போயிருந்தது. மாதக்கணக்கில் பேசிப் பேசி அவர்கள் பயத்தைப் போக்கியவன், இப்போது அதே பயத்தைத் திரும்ப வரவழைக்கத் தெரியாமல் தவித்தான்.

அதிலிருந்து தினமும் எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்கு வந்தான். ஏழு பேர் கையையும் ஒவ்வொன்றாக ஓட்டி, ஷாஃப்டை விரலால் தடவிப் பார்ப்பான். வழவழப்பாக இருந்தால்தான் அன்றைக்கு அவனுக்கு மூச்சு வரும். தன் கையை மட்டும் ஓட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை.

பொங்கல் கழிந்து சர்வீஸுக்கு மெக்கானிக் மணவாளன் வந்தான். பின்பக்க மூடியைக் கழற்றியவன் கூப்பிட்டான்.

“இன்னா சார், பேட்டரி வெக்கற பொட்டி காலியா கீது? துருப் புடிச்சிப் போச்சி. நீங்க வாங்கறப்பவே இருந்திருக்காது.”

“அதனால?”

“மெயின ஆஃப் பண்ணா, கத்துக்கினது எல்லாம் அழிஞ்சிடும் சார். மறுநா ஒண்ணுமே இருக்காது.”

தினமும் சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுப் போகிறவன் லோகநாதன்தான்.

ஏழு கைகளும் தினமும் காலையில் ஓடின.

மணவாளன் நம்பவில்லை. ஒரு இரும்பை மாட்டினான். சுவிட்சை ஏற்றினான்.

பட்டனை யாரும் தொடவில்லை.

க்ர்ர்ர்...

ஷாஃப்ட் கடைந்து முடிந்தது. கடைசி வளைவில் தடிப்பு. லோகநாதன் விட்ட அதே தடிப்பு.

விரலால் தடவினான்.

நடுவில்... அலை.

இதையெல்லாம் லோகநாதன் என்னிடம் சொன்னது சில வாரம் கழித்து, பூந்தமல்லியில் ஒரு டீக்கடையில். டீயை வெகுநேரம் தொடாமல் வைத்திருந்தான். ஆறிய பிறகு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது.

“மத்தவங்களுது?” என்று கேட்டேன்.

“இன்னிக்குக் காலைல வேம்புலியோடதுல அலை வந்திச்சி,” என்றான். “அவங்கிட்ட இன்னும் சொல்லல.”