மூடி போடாத கை

அடுப்பில் எது கொதித்தாலும் மூடியை எடுத்துவிடுவது என் பழக்கம். கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளி போடுகிற குடும்பம் எங்களுடையது. கிழங்கில் கொஞ்சம் சயனைடு உண்டு. திறந்து வேக வைத்தால் ஆவியோடு போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மரவள்ளித் தழையை வயிறு முட்டத் தின்ற எங்கள் ஆடு ஒன்று நுரை தள்ளிச் செத்ததைச் சின்ன வயதிலேயே பார்த்தவள் நான். அதனால் மூடியைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமலே போகும்.

அந்தக் கைதான் சென்னையில் என் ஆராய்ச்சியைக் கவிழ்க்கப் பார்த்தது.

பூமியில் உயிர் தோன்றுவதற்கு முன்னால் சயனைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன, உயிருக்கு வேண்டிய பொருட்கள் அப்படித்தான் பிறந்திருக்கும் என்று ஒரு கருத்து இருக்கிறது. அதே வேதியியலை வைத்து எங்கள் ஆய்வகத்தில் பூச்சு செய்கிறோம். சயனைடு கலந்த கரைசலில் எஃகுத் தகட்டை முக்கி வைத்தால் மறுநாள் டீ டிகாஷன் நிறத்தில் ஒரு பாலிமர் படலம் அதன்மேல் படிய வேண்டும். எலும்பு முறிவுக்கு உள்ளே வைக்கிற தகடுகளில் இதைப் பூசினால் உடம்பு அவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பது எங்கள் கணக்கு.

எனக்குப் படியவே இல்லை. திட்டுத் திட்டாக வரும், டேப்பை ஒட்டி இழுத்தால் அதோடு வந்துவிடும். எனக்கு முன்னால் ஆய்வகத்தில் இதைச் செய்த சீனியர் அக்காவின் நோட்டில் இருந்தபடி ஒவ்வொன்றையும் அளந்துதான் போட்டேன். நான் கவனமான ஆள், அளவில் தப்பு வராது. எனக்கு எஃகின்மேல்தான் கோபம் வந்தது.

பொங்கல் விடுமுறைக்குக் கிளம்பும்போது பேராசிரியர் சொன்னார். "ஊருக்குப் போயிட்டு வாங்க. வந்து ஒரு தடவை பண்ணிப் பாருங்க. அப்பவும் படியலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கலாம்."

இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போடுவதற்கு அது மரியாதையான பெயர். கள்ளக்குறிச்சி வரைக்கும் பஸ்ஸில் தூங்காமல் வந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் கிழங்கு வேகப் போட்டவர் அண்ணி. சிதம்பரத்துப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவர். குண்டான் மேல் தட்டைப் போட்டு மூடியிருந்தார். நான் நேராகப் போய்த் தட்டை எடுத்தேன்.

"மூடுனா சீக்கிரம் வெந்துடும்ல?" என்றார்.

"வெந்துடும் அண்ணி. ஆனா மூடிக்கினு இருந்தா உள்ள இருக்கிறது எப்படிப் போவும்? தெறந்து வச்சாதான் போவும்."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆய்வகத்தில் ஆவியை இழுத்து வெளியே தள்ளுகிற உறிஞ்சுபெட்டிக்குள் என் கரைசல் பாத்திரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். திறந்துதான் இருக்கும். ஒரு நாள்கூட நான் மூடியதில்லை. பூச்சு ஆக வேண்டிய சரக்கையே இரண்டு வருடமாக வானத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மூடி போடு என்று அக்காவின் நோட்டிலும் இல்லை. அதையெல்லாம் எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அண்ணி, கை சுட்டுவிட்டதா என்று பதறினார். அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, தட்டைப் புடிச்சிக்கினு அழுவுற?"

மறுநாளே கிளம்பினேன். காணும் பொங்கலான கரிநாள்கூட முடியவில்லை என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆய்வகத்தில் புதிதாகக் கரைசல் கலந்து, தகட்டை முக்கி, பாத்திரத்தை இறுக்கி மூடினேன். இரண்டு முறை என் கை மூடியிடம் போனது, திட்டி இழுத்துக்கொண்டேன். மறுநாள் தகடு ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே பழுப்பு. டேப்பை ஒட்டி இழுத்தேன். டேப் வெறுமனே வந்தது. பேராசிரியர் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன மாற்றினேன் என்று கேட்டார்.

"மூடி போட்டேன் மேடம்."

"இவ்வளவு நாளா போடலையா?" என்று என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். வேற தலைப்பு என்ற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. அக்காவின் நோட்டில் 'மூடி போடவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூடுனா வெஷம் உள்ளாறயே தங்கிடுமே?"

"அந்த வெஷந்தாம்மா பூச்சா மாறுது."

"மாறட்டும், நல்லதுதான். ஆனா அந்தப் பழக்கத்துல கெழங்கயும் மூடி வச்சிடாத."