சேக்காட்டில் நட்ட லீக்ஸ்

வந்த புதிதில் ஒருநாள் ஆவடிச் சந்தையில், “லீக்ஸ் இருக்கா?” என்று கேட்டேன். காய்க்காரர் தராசைக் கீழே வைத்தார். “லீக்கா? எந்தாண்டக்கா லீக்கு? கொயா ரிப்பேரு பண்றவரு அந்தப் பக்கம் கீறாரு பாரு” என்று கை காட்டினார். குழாய் ஒழுகுவதாக நினைத்துக்கொண்டார்; நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நுவரெலியாவில் இதைப் படிக்கும் உங்களுக்கு, லீக்ஸைக் கண்ணால் பார்த்திராத ஊர் ஒன்று உண்டு என்பதே நம்ப முடியாததாக இருக்கும். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று கப்பலேறியவள் நான். இங்கே என் தமிழை எல்லாரிடமும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நுவரெலியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க லீக்ஸ்தான். வெங்காயத்தாளின் தடித்த அக்கா என்று இங்குள்ளவர்களுக்கு விளக்குவேன். நாற்று பென்சில் பருமன் ஆனதும் பிடுங்கி, வேரையும் இலை நுனியையும் கொஞ்சம் கிள்ளிவிட்டு, குச்சியால் போட்ட ஆழக்குழியில் இறக்கித் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். மண்ணை அழுத்தக் கூடாது. வளர வளர மண் அணைத்தால் தண்டு வெள்ளையாக நீளும். அறுவடைக்கு அறுவடை அடுத்த வீட்டுச் சிங்களப் பெண் மெனிக்கேவுக்கு ஒரு கட்டு கொடுப்போம். எண்பத்து மூன்று ஜூலையில் கடைகளை எரித்துக்கொண்டு வந்தவர்களிடம், எங்கள் வீட்டைக் காட்டியது அவள்தான். ஓடும்போது அவள் சிங்களத்தில் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது: “உங்கட இந்தியாவுக்கே போங்க!”

மண்டபம் முகாமில் சில மாதங்கள். பிறகு என் கணவர் செல்லையாவுக்குத் திருமழிசையில் ஒரு பட்டறையில் லேத் வேலை கிடைத்தது. சேக்காட்டில் கஸ்தூரியக்கா வீட்டின் பின்பகுதியில் குடியேறினோம். அக்காவின் கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். என் மகள் செல்வி அந்த வீட்டில்தான் பிறந்தாள். அவளுக்கு மூச்சுத் திணறியபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது கஸ்தூரியக்கா. அதையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

அங்கேயே தங்கிவிட்ட என் தங்கை, வந்துபோகும் உறவுக்காரர் ஒருவரிடம் விதை கொடுத்தனுப்பினாள். கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் ஓட்டை அண்டாவில் விதைத்தேன். முதல் வருடம் எல்லாம் கருகிப்போயின. மறு வருடம் சாக்கைக் கட்டி நிழல் போட்டேன். கிணற்றுச் சுவர்மேல் கையூன்றிப் பார்த்த கஸ்தூரியக்கா, “இன்னாமே, புல்லுக்குப் போயி பந்தல் போட்டுகினு கீறே?” என்றார். தை மாதம் நாற்றைக் கிணற்றடியில் நட்டேன். விரல் பருமனுக்குமேல் தேறவில்லை. ஆனாலும் கருவாட்டோடு வதக்கி ஒரு கிண்ணம் கொடுத்ததும், அக்கா கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, “இந்த சிலோன் வெங்காயத்த வருசா வருசம் போடு” என்றார். போட்டேன்.

தொண்ணூற்றொன்றில், அந்த மே மாதக் கொலைக்குப் பிறகு, தெருவில் எங்களைப் பார்க்கும் பார்வை மாறியது. விசாரணை என்று செல்லையாவை அழைத்துப் போனார்கள். இரவில்தான் திரும்பி வந்தார். மறுநாள் காலையில் கஸ்தூரியக்கா பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“தப்பா நெனிக்காத. எங்க ஊட்டுக்காரு கவர்மெண்டு வேலைல கீறாரு. இந்த வாரமே காலி பண்ணிடு.”

“எங்கக்கா போறது?”

“உங்க ஊருக்கே போயேன்மே.”

மெனிக்கே கத்தினாள், இவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டாபிராமில் செல்லையாவோடு வேலை செய்தவர் ஓர் அறை தந்தார். கிளம்பும் காலையில் கிணற்றடியில் மிச்சமிருந்த லீக்ஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். “அத்த வுட்டுட்டுப் போயேன், நான் தண்ணி ஊத்திக்கிறேன்” என்றார் கஸ்தூரியக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. நான் கடைசிச் செடியையும் பிடுங்கி, வேரையும் நுனியையும் கிள்ளி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டேன். கத்திரி வெயிலில் நட்டால் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். பிழைக்கவில்லை. அதற்குப் பின் நான் லீக்ஸ் போட்டதில்லை.

போன மாதம் பட்டாபிராம் ஸ்டேஷன் அருகே உள்ள டெலிபோன் பூத்திலிருந்து தங்கையோடு பேசினேன். செல்வி ஆசைப்பட்டாள் என்று ரிசீவரைக் கொடுத்தேன். “சித்தி, நல்லா கீறியா? இன்னா பண்ணிகினு கீறே?” என்றாள். மறுமுனையில் தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கி, என் மகளின் தமிழை என் தங்கைக்குத் தமிழில் சொன்னேன். தங்கை விம்மினாள். “அக்கா, எப்ப வீட்டுக்கு வாற?” அதே நேரம் செல்வி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “யம்மா, எப்போம்மா ஊட்டுக்குப் போலாம்?”

“கொஞ்சம் பொறு” என்றேன். தங்கை அழுகையை நிறுத்தினாள். செல்வி முந்தானையை விட்டாள்.