விழுந்தால் ஒரு மிஸ்டு கால்

குவைத்தின் ஃபஹாஹீலில் நானும் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருவரும் ஒரே அறையில் இருந்தோம், இருவருமே நர்ஸ். ஊரில் நடுராத்திரிக்கு ஓடும் நகைச்சுவை நிகழ்ச்சி, நேர வித்தியாசத்தில் எங்களுக்கு டூட்டி முடிந்து சாப்பிடும்போது வரும். அதே நேரம் அக்காவின் கணவரும், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். போன் பேசக் கட்டுப்படியாகாது. அதனால் அவருக்குச் சிரிப்பு வந்தால் ஒரு மிஸ்டு கால். இவருக்கு வந்தால் இங்கிருந்து ஒன்று. அதுதான் அவர்கள் குடித்தனம்.

டிவியில் யாராவது கீழே விழுந்தால் போதும், அண்ணனிடமிருந்து போன் சிணுங்கிவிடும். "ஏட்டி, விழுறதுல என்ன சிரிப்பு இருக்குங்கேன்? இந்த மனுசனுக்கு விவஸ்தையே கிடையாது" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அவரும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.

ஒரு நாள் அண்ணன் மீன்பிடிக்கப் போன வள்ளம் கடலில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரையேறினார்கள், அண்ணனைக் காணோம். அக்கா மாதா படத்தின் முன் முழங்காலிட்டு, அவர் வீடு வந்து சேரும்வரை சிரிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார்.

தேடிப் பார்த்து ஓய்ந்தார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்கா லீவில் போய் அவர் ஆன்மாவுக்காகப் பூசை வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பினார். நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது. இனி வரவே மாட்டார் என்று தெரிந்த மனிதர் வரும்வரை சிரிக்கக் கூடாதென்றால், அது ஆயுள் தண்டனை அல்லவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டதக் குடுக்காத சாமிக்கு என்னக்கா நேர்த்தி?"

"மாதாட்ட என்ன ஏவாரமா பேசுனேன்? வாக்குக் குடுத்தேன். போ, நீ டிவியப் பாரு."

இங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போனபோது ஃபாதரும் சொல்லிப் பார்த்தார், அந்த வாக்கிலிருந்து விடுவிக்கலாம் என்று. அக்கா கேட்கவில்லை. நிகழ்ச்சி தொடங்கினால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து செபமாலை உருட்டுவார். வார்டில் குழந்தைகள் சிரித்தால்கூட முகத்தை இறுக்கிக்கொள்வார்.

ஓர் இரவு டிவியில் ஒருவன் நாற்காலி இருப்பதாக நினைத்து வெறும் தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். அரதப் பழசு, நான்கூடச் சிரிக்கவில்லை. அக்காவின் போன் ஒரு முறை அடித்து நின்றது.

எடுத்துப் பார்த்தேன். அண்ணனின் நம்பர். கடலுக்குப் போகும்போது அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போகிற போன். இப்போது அது மகளிடம் இருந்தது. அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா போனைப் பார்த்தார், திரும்பி டிவியைப் பார்த்தார். "பாத்தியா, அப்பனுக்குத் தப்பாமப் பெறந்துருக்கு. விழுறதுக்குப் போயி..." என்று தொடங்கியவர், முடிக்க முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிகிறது, அடக்க அடக்கச் சிரிப்பு வருகிறது.

பிறகு மாதா படத்தை நிமிர்ந்து பார்த்தார். "மன்னிச்சிரு தாயே. பிள்ள கூப்பிடுதுல்லா" என்று சொல்லிவிட்டு, மகளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்.