ஈட்டி வாசலில் அஃப்ரா

அஃப்ராவின் வாய்க்குப் பயந்து அணித்தலைவரே வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் வார்த்தை வராமல் நாக்கு ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஒட்டிலியா. கூலிப்படைக்குப் பின்னால் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சிப்பாய்களுக்கு பீரும் ரொட்டியும் விற்றவள். அதே வண்டி வரிசையில் அஃப்ரா துணி வெளுத்தாள். அவுக்ஸ்பூர்க் ஊரில் தோல் பதனிடுகிறவரின் மகள். பத்தொன்பது வயதில் வெண்டல் என்ற ஈட்டிக்காரனோடு கிளம்பி வந்துவிட்டாள். அவன் நல்ல உயரம், பேச்சு குறைவு. பதினோரு வருடத்தில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஒன்றை மிலான் போகிற வழியிலும் மற்றதைப் பெயர் தெரியாத ஓர் ஆற்றங்கரையிலும் புதைத்தார்கள். அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். நானும் கேட்டதில்லை.

வெண்டலின் கால் போனது சண்டையில்கூட இல்லை. மாவு மூட்டை ஏற்றிய வண்டி இடது காலில் ஏறிவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் ஒரு கட்டைவிரல் அளவு குட்டையாகக் கூடியது. அந்த வருடச் சண்டை முடிந்து படையைக் கலைத்தார்கள். குளிர்காலம் முழுக்க மெமிங்கன் ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைக் கொட்டகையில் மூவரும் கிடந்தோம். டர்னிப் கிழங்கை வேகவைத்துத் தின்று தின்று எனக்கு அதன் வாசனையே ஆகாமல் போயிற்று. வசந்தத்தில் புதுத் தளபதி ஒருவர் இத்தாலிக்கு ஆள் எடுக்கிறார் என்று செய்தி வந்தது.

ஆள் எடுப்பது சும்மா இல்லை. இரண்டு ஈட்டிகளைத் தரையில் ஊன்றி, மூன்றாவதை மேலே குறுக்காகக் கட்டி ஒரு வாசல் வைப்பார்கள். ஒவ்வொருவனாக அதன் வழியே முரசின் தாளத்துக்கு நடந்து போக வேண்டும். பக்கத்தில் மேற்பார்வைக்காரர் கண், கை, நடை எல்லாவற்றையும் பார்ப்பார். நொண்டினால் பெயரை அடித்துவிடுவார். அவன் பெயர் போனால் வண்டி வரிசையில் அவன் பெண்டாட்டிக்கும் இடமில்லை. எனக்கு விற்கிற உரிமை இருந்தது. வெளுக்கிறவளுக்கு அதெல்லாம் யார் தருவார்கள்?

அஃப்ரா ஒரு திட்டம் போட்டாள்.

"வயசானவங்கள நடு வரிசையில போடுவாங்க அக்கா. அங்க நிக்கிறவனுக்கு என்ன வேலை? முன்னால இருக்கறவன் முதுகத் தள்ளணும். அதுக்கு ஒரு கால் போதும்."

செருப்புக்குள் வைக்கக் கெட்டிக் கம்பளி வேண்டும் என்றாள். என்னிடம் இருந்த ஒரே நல்ல கம்பளித் தொப்பியை நான்தான் கொடுத்தேன். இரக்கமே இல்லாமல் அதை மூன்றாக வெட்டித் தைத்து உள்ளே வைத்தாள். ஆறு வாரம் கொட்டகைக்குப் பின்னால் பாடம் நடந்தது. துணி அடிக்கிற கட்டையால் பலகையில் முரசு தட்டுவாள். அவன் நடப்பான்.

"யோவ், வாத்து மாதிரி நடக்காத."

"வாத்துக்கு ரெண்டு காலும் சமம்டி. நான் அதவிடக் கேடு."

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"நீதான பொய் நடை கத்துக்குடுக்கற?"

சாயங்காலம் வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி அவன் முழங்காலில் தேய்ப்பாள். அப்போது மட்டும் ஒரு திட்டும் இருக்காது. அவர்கள் பக்கம் பார்க்காமல் நான் டர்னிப் நறுக்குவேன்.

அந்த நாளும் வந்தது. நூறு பேருக்கு மேல் வாசலைக் கடந்தார்கள். ஒரு கண் தெரியாதவன் ஒருவனைத் தள்ளினார்கள். நின்ற இடத்திலேயே தூங்கிய குடிகாரன் ஒருவனையும் தள்ளினார்கள். வெண்டலின் முறை வந்தபோது அஃப்ரா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தம் கட்டிவிட்டது. முரசு அடித்தது. தோளில் நீள ஈட்டியோடு அவன் நடந்தான். அப்படி ஒரு நடையை நான் அவனிடம் கால் நன்றாக இருந்த காலத்திலும் பார்த்ததில்லை.

மேற்பார்வைக்காரர் தலையைத் தூக்கினார். "நில்லு. எத்தன வருஷமா ஈட்டி பிடிக்கற?"

"பதினஞ்சு வருஷங்க ஐயா."

"இந்த உயரத்தையும் இந்த நடையையும் பின்னால கொண்டுபோய் ஒளிக்கவா? முதல் வரிசையில எழுது. ரெட்டைச் சம்பளம்."

கூட்டம் ஓ போட்டது. வெண்டல் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். பாவம், அவ்வளவு பெருமை அவன் முகத்தில். அஃப்ராவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, முதல் வரிசைக்காரங்க சட்டை எத்தனையோ நான் துவைச்சிருக்கேன். சண்டைக்கு முந்தின நாள் குடுப்பாங்க. வாங்கிட்டுப் போக வர மாட்டாங்க."

"சும்மா இருடி. இடம் கிடைச்சிருச்சு. ரொட்டி கிடைச்சிருச்சு. அப்புறம் என்ன?"

என் கையை விட்டாள். பெண்கள் தாண்டக் கூடாத கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் மேற்பார்வைக்காரர் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"ஐயா, இவரு என் வீட்டுக்காரரு. இவருக்குக் கால் நொண்டி."

"அஃப்ரா, வேண்டாம்டி," என்றான் வெண்டல்.

அவள் மண்டியிட்டு, அவன் இடது செருப்பைக் கழற்றி, கம்பளியை உருவி எடுத்து நீட்டினாள். "இப்ப நடக்கச் சொல்லுங்க."

நடந்தான். மூன்று அடிதான். நானூறு பேர் சிரித்தார்கள். மேற்பார்வைக்காரர் சிரிக்கவில்லை. பெயரை அடித்துவிட்டு, "வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டு பேரும் இடத்தக் காலி பண்ணணும்" என்று மட்டும் சொன்னார். ஏமாற்றியதற்குக் கசையடி கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு அறை அறைந்திருப்பேன். ஆறு வார உழைப்பு, ஒரு வருடச் சாப்பாடு, எல்லாவற்றையும் ஒரு நொடியில் கொட்டிக் கவிழ்த்துவிட்டாளே. இருந்தாலும் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை கூடப் போனேன். பாளையத்தின் ஓரத்தில் அவள் கம்பளியைத் திரும்பச் செருப்புக்குள் வைத்துக் கொடுத்தாள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டு முன்னால் போனான். பார்க்க ஒருவரும் இல்லாத அந்தப் பாதையிலும் சொல்லிக்கொடுத்த மாதிரியே நிமிர்ந்து, அடி பிசகாமல் நடந்தான். நாங்கள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனோம்.

பாலத்தில் நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"திட்டுறதுன்னா திட்டிரு," என்றாள் அஃப்ரா.

அவன் ஆற்றைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இனிமே நொண்டலாமாடி?"

பிள்ளைகளைப் புதைத்தபோதுகூடச் சத்தம் போடாதவள் அங்கே ஓவென்று அழுதாள். "நொண்டுய்யா. ஆசை தீர நொண்டு."

அவன் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நொண்டத் தொடங்கினான். லிண்டாவ் ஏரிக்கரையில் அவள் துணி வெளுக்க, இவன் ஈரத் துணிக் கூடை தூக்கிக்கொண்டு, பத்தொன்பது வருடம் நொண்டினான்.