பாறைமாறனைக் கொன்ற முத்துசாமி

பகலெல்லாம் குழாய்களை வரைவதுதான் முத்துசாமிக்கு உத்தியோகம். தருமபுரிப் பக்கத்திலிருந்து டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்காகக் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு வந்தவர். டவுன்ஷிப்பில் இரண்டாம் மாடியில் குவார்ட்டர்ஸ். சாயங்காலம் காபி குடித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தாளை விரித்தாரென்றால் பாறைமாறன் வந்து நிற்பான். ஆபத்து வரும்போது உடம்பெல்லாம் கல்லாக இறுகிவிடும் வீரன். மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறிப்போய், வெயிலில் உட்கார்ந்து பாறை பாறையாகப் பார்த்து வரைந்து பழகி, 1992இல் அவனை உண்டாக்கினார்.

செங்கல்பட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் லக்ஷ்மிநாராயணன்தான் பாறைமாறன் கதை வரும் மாதக் காமிக்ஸை நடத்திவந்தார். அவரிடம் ஐந்து வீரர்கள் இருந்தார்கள். மாதத்துக்கு ஒருவர் கதை வரும். தீபாவளிக்கு மட்டும் ஐந்து பேரும் ஒரே கதையில் சேர்ந்து சண்டை போடுவார்கள். அந்த இதழுக்காகப் பையன்கள் ஆவணி மாதத்திலிருந்தே கடைக்காரரை நச்சரிப்பார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒரு வீரனுக்குப் பெரிதாக ஏதாவது ஆக வேண்டும். ஒருத்தனுக்குக் கை போகும், ஒருத்தன் நினைவை இழப்பான். பொங்கலுக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

இதைப் பொறுத்துக்கொள்ளாத வாசகி ஒருத்தி இருந்தாள். புதுப்பட்டினம் குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கொண்டுவரும் ஆதியம்மாளின் மகள் வினிதா. தாய் கீழே மீனை ஆய்ந்து முடிக்கும்வரை மாடிப்படியில் உட்கார்ந்து, முத்துசாமி தரும் காமிக்ஸைப் படிப்பாள். முதன்முதலில் வாதாடும்போது அவளுக்குப் பதினோரு வயது. மின்விழி என்ற வீராங்கனைக்கு அந்தத் தீபாவளி இதழில் இரண்டு கண்ணும் போய்விட்டன; அடுத்த மாதமே ஏதோ மூலிகையால் பார்வை வந்துவிட்டது.

“கண்ணு எப்டி சார் வந்துச்சி?” என்று கேட்டாள்.

“மூலிகைம்மா. போட்டிருக்கே.”

“எங்க மாமாவுக்கு வெடி வெடிச்சி ஒரு கண்ணு பூடுச்சி. ஆறு வருசமாச்சி, வரலியே. திரும்பி வரும்னா எதுக்கு சார் என்ன அழவுட்டீங்க?”

முத்துசாமி சிரித்துச் சமாளித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 2004இல் தீபாவளி இதழுக்கு லக்ஷ்மிநாராயணன், “இந்தத் தடவ ஒருத்தன் சாகணும் சார், விற்பனை படுத்துக் கெடக்கு” என்றபோது, “என் ஆளையே கொல்றேன். ஆனா செத்தா செத்ததுதான்” என்றார் முத்துசாமி. லக்ஷ்மிநாராயணன் தலையாட்டினார்.

இடிந்து விழும் சுரங்கத்தைத் தோளில் தாங்கி, மற்ற நால்வரும் வெளியேறும்வரை நின்று, பாறைமாறன் செத்தான். டிசம்பர் இதழில் அவனை அடக்கம் செய்தார்கள். மின்விழி மண் அள்ளிப் போடும் பக்கத்தை முத்துசாமி நாலு தடவை வரைந்தார். சாப்பாடு எடுத்துவந்த மனைவி வரலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, தாளில் படாமல் தட்டைத் தள்ளி வைத்துப் போனாள்.

ஆனால் கடிதங்கள் குவிந்தன. சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று எழுதியவர்கள் பாதிப்பேர். லக்ஷ்மிநாராயணன் நேரில் வந்து கெஞ்சினார்: “செத்தது அவன மாதிரியே இருந்த வேற ஆளுன்னு போட்டுடுங்க. பத்திரிகையையே மூடச் சொல்றீங்களா?” பன்னிரண்டு வருஷப் பழக்கம். முத்துசாமி இளகிவிட்டார். பொங்கல் இதழுக்குப் பாறைமாறனைத் திரும்பக் கொண்டுவந்து, டிசம்பர் இருபத்து நாலாம் தேதி பக்கங்களைச் செங்கல்பட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு முந்தின ஞாயிறு வினிதா வந்திருந்தாள். பத்தாம் வகுப்புக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்த பெண். கண் சிவந்திருந்தது.

“நெஜமாவே செத்துட்டானா சார்?”

“பொங்கல் இதழ்ல பாரு” என்று முத்துசாமி கண்ணைச் சிமிட்டினார்.

அவள் முகம் மலர்ந்ததா சுருங்கியதா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள், அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் இருபத்தாறு. காலை ஒன்பது மணிக்குக் கடல் டவுன்ஷிப்புக்குள்ளேயே வந்தது. மாடியிலிருந்து முத்துசாமியும் வரலட்சுமியும் பார்த்தார்கள். ஸ்கூட்டர்களும் வேலிக் கம்பங்களும் தண்ணீரில் புரண்டுபோயின. அன்று ஆதியம்மாள் விடியலில் எடுத்த மீனோடு மேற்கே ஊருக்குள் போயிருந்ததால் பிழைத்தாள். வினிதா வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் நாள்தான் முத்துசாமிக்கு விஷயம் தெரிந்தது.

ஜனவரி முதல் வாரம் அவர் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனார்.

“அந்தப் பக்கங்கள அடிக்காதீங்க. அவன் வர வேணாம்.”

“அச்சு ஏறிடுச்சு சார்” என்றார் லக்ஷ்மிநாராயணன். அவரும் இரண்டு நாள் நிவாரணத்துக்குத் துணி சேகரித்துக்கொண்டு அலைந்தவர்தான், கல்நெஞ்சக்காரர் இல்லை. “உங்க வருத்தம் புரியுது. ஆனா படிக்கிற பிள்ளைங்களுக்கு இப்பதான சார் ஒருத்தன் பொழைச்சு வரணும்?”

முத்துசாமி அடுத்த பஸ்ஸில் திரும்பினார். வீட்டுக்கு வந்த பொங்கல் இதழ்களைப் பிரிக்காமலே பரண்மேல் தூக்கிப் போட்டார்.

அதற்குப் பிறகு பல வாரம் அந்தப் பகுதியில் யாரும் கடல் மீன் வாங்கவில்லை. மாசி பிறந்து ஒரு ஞாயிறுதான் ஆதியம்மாளின் குரல் கீழே கேட்டது. வரலட்சுமி அவளை மேலே அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே முத்துசாமியிடம் கேட்டாள்.

“சாரு, அந்தக் கல்லு மன்சன் இன்னா ஆனான்? அந்த வாரம் பூரா அதையே பேசிகினு இருந்தா. சார் கண்ணடிச்சாரும்மா, வந்துருவான் போலக்கீதுன்னு.”

வரவில்லை என்று சொல்லிவிடலாம். படிக்கத் தெரியாதவள், யாரிடம் கேட்கப்போகிறாள்? முத்துசாமி வாயெடுத்தார், முடியவில்லை.

“வந்துட்டான், ஆதியம்மா.”

“பொதச்சாங்கன்னாளே. அப்ப அது யாரு?”

“அவன மாதிரியே இருந்த வேற ஆளு. அப்படின்னு... கதையில எழுதிட்டேன்.”

ஆதியம்மாள் தம்ளரைத் தரையில் வைத்தாள்.

“நானுந்தான் சொன்னேன். நாலு நாளு அதையேதான் சொல்லிகினு இருந்தேன். ஆஸ்பத்திரில கூப்ட்டுக் காட்டுறாங்க. இது எம்பொண்ணு இல்ல, வேற யாரோன்னு வந்துட்டேன். மறுநாளும் கூப்ட்டாங்க. மறுநாளும் இல்லன்னேன். அப்பால பாவாடையக் காட்னாங்க. ஓரத்துல நான் போட்ட தையலு.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நீ எழுதுனா வந்துர்றான். குட்துவெச்சவன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் முத்துசாமியால் தாங்க முடியாமல் போனது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர், அவள் கிளம்பிப் போனதைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே, இனி வரைவதற்கில்லை என்று லக்ஷ்மிநாராயணனுக்கு எழுதிப் போட்டார். வேறு ஒருவரை வைத்துப் பாறைமாறன் தொடர்ந்தான். இன்னும் இரண்டு தீபாவளிக்குச் செத்துப் பிழைத்தான். 2007இல் பத்திரிகை நின்றுபோனது.

ஆதியம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தாள். 2005 ஆடியில் ஒரு நாள், மீனை நிறுத்துப் போட்டுவிட்டுத் தயங்கி நின்றாள்.

“வூட்ல ஒரு போட்டோ கூட இல்ல சாரு. எல்லாம் தண்ணி அள்ளிகினு பூடுச்சி. பள்ளிக்கூடத்துல கேட்டேன், எல்லாப் பிள்ளைங்களோட நிக்கிற படம் ஒண்ணு குட்த்தாங்க. மூஞ்சி கடுகாட்டம் கீது. நீ வரைவியே, வரைஞ்சி குடேன்.”

முத்துசாமி வரைந்தார். பன்னிரண்டு வருஷம் ஆயிரக்கணக்கான முகங்களைப் போட்ட கைக்கு அந்த ஒரு முகம் வரவில்லை. மூன்று வருஷம் மாடிப்படியில் பார்த்த பெண்; ஆனால் எப்போதும் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தவள். அவருக்கு நன்றாகத் தெரிந்தது வகிடுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஆதியம்மாள் பார்த்துச் சொல்வாள். “மூக்கு இவ்ளோ கூர் இல்ல.” “இந்தக் கன்னம் எங்க சின்ன நாத்தனாரு மாரி கீது.” அவர் அழித்துவிட்டு வரைவார். அடுத்த ஞாயிறு அவள் இன்னொன்று சொல்வாள். சில சமயம் முன்பு சொன்னதற்கு நேர்மாறாக. அவளுக்கும் நினைவு கலங்கத் தொடங்கியிருந்தது இருவருக்குமே தெரிந்தது.

ஒன்பதாவது படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்து, எட்டி நின்று, கிட்டே வந்து, வெகுநேரம் பார்த்தாள்.

“இது அவ இல்ல சாரு.”

“இன்னொரு தடவ பார்க்கறேன், ஆதியம்மா.”

“வேணாம். குடு.” ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். மீன்கூடையில் வைக்க மனமில்லாமல், வரலட்சுமியிடம் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, அதில் போட்டு, தனியாகக் கையில் பிடித்தபடி படியிறங்கினாள்.