'இட்' என்பவரின் பங்களா எங்கே இருக்கிறது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. என் இங்கிலீஷ் வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. என் வகுப்பு முடிந்த பிறகும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். தூங்கிப் போயிருப்பார், இல்லையென்றால் வெளியே மழை. இவர் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தார். மழையும் இல்லை.

உங்களுக்குத்தான் தெரியுமே — மாத்தளைக் கடைவீதியில், ஹனிபா நானாவின் ஏலக்காய்க் கடைக்கு மேல்மாடியில், வயது வந்தவர்களுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் வருகிறதோ இல்லையோ, சட்டையில் ஏலக்காய் வாசம் வந்துவிடும். அதனால் இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

உட்கார்ந்திருந்தவர் என் மாணவர் அல்ல. பெயர் ராமையா என்றார். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான். பஸ் பிடித்து வந்திருக்கிறார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

சங்கத் தலைவர்... சாத்திய கதவு... நான் எவ்வளவு தைரியசாலி என்பது இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. மூலையில் இருந்த ஜன்னல் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டேன்.

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாஸ்டர், இந்த 'இட்'டுன்னு ஒருத்தரு இருக்காரே... அவரு பங்களா எங்கங்க இருக்கு?"

விசாரித்தேன். விஷயம் இதுதான். அவர்கள் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவின் கூரைத் தகரம் இற்றுப் போய்விட்டது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. மழை பெய்தால் தொட்டிலுக்குள் சொட்டுகிறது. காய்ந்த மூலை ஒன்றே ஒன்று. எல்லாத் தொட்டில்களும் அங்கேதான் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. ராமையாவின் மகளுடைய பிள்ளைக்கு ஓயாத இருமல். ஐப்பசி மழை வேறு வரப்போகிறது.

துரையிடம் கேட்டாயிற்று. முன்பு இருந்த வெள்ளைத் துரை சொன்னார்: "இட் இஸ் டிஃபிகல்ட்." நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வெள்ளைத் துரை கப்பலேறிப் போனார். நம்மூர்த் துரை வந்தார். அவரிடமும் கேட்டார்கள். "இட் இஸ் ரிக்ரெட்டபிள். பட் இட் இஸ் இம்பாசிபிள்."

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தத் துரைக்குத் தமிழ் தெரியாதா என்றால், தண்ணீர் பட்ட பாடு! மலையில் நின்று அவர் திட்ட ஆரம்பித்தால், நம் பண்டிதர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்கிறார் ராமையா. திட்டுவது தமிழில். வேலை வாங்குவது தமிழில். இல்லை என்று சொல்வதற்கு மட்டும் இங்கிலீஷ்! அதைப் பக்கத்தில் நிற்கும் பெரிய கிளாக்கர் மொழிபெயர்த்துச் சொல்வார் — "வருந்தத்தக்கது. ஆனால் சாத்தியமில்லை" என்று.

பெரிய கிளாக்கர் ஜேசுதாசன் எனக்கு நண்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓமிச் சீட்டு ஆடும்போது என் கூட்டாளியும் அவர்தான். வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவை ஒரு வருஷமும் விடாதவர். பொய் சொல்லமாட்டார். மொழிபெயர்ப்பார்.

"பழைய தொரையும் அவரைத்தான் சொன்னாரு, இவரும் அவரைத்தான் சொல்றாரு" என்றார் ராமையா. "தொரைங்க மாறிட்டாங்க. இந்த 'இட்'டு மட்டும் மாறவே இல்லியே. அப்ப ரெண்டு தொரைக்கும் மேல இருக்கிற ஆளுதானுங்களே?"

சிரிக்காதீர்கள். தோட்டத்தில் வாழ்கிறவனுக்கு அது நியாயமான கணக்கு. கங்காணிக்கு மேல் கணக்கப்பிள்ளை. அவருக்கு மேல் சின்னத் துரை. அவருக்கு மேல் பெரிய துரை. அதற்கும் மேல் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை காரில் வந்து, யாரோடும் பேசாமல் பார்த்துவிட்டுப் போகிற விசிட்டிங் ஏஜென்ட். அதற்கும் மேல் இன்னொருவர் இருந்தால் என்ன அதிசயம்? நேரே அவரிடமே போய்க் கேட்டுவிடலாம் என்று நாலு பேரைத் திரட்டி வைத்திருந்தார் மனிதர்.

நான் விளக்கினேன். அப்படி ஓர் ஆளே கிடையாது. அது இங்கிலீஷ்காரன் மழைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டு மாதிரி. 'நான் தரமாட்டேன்' என்றால் சொன்னவன் நனைவான். நாளைக்கு நீங்கள் அவன் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பீர்கள். 'இட் இஸ் இம்பாசிபிள்' என்றால் யாரைக் கேட்பது? ஆகாயத்தையா?

ராமையா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆளே இல்லாமல் எப்படி ஒரு சொல் வரும் என்பது அவர் சந்தேகம். நானும் துரை பக்கத்து ஆளாக இருக்கலாம் என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். கடைசியில் கேட்டார்:

"அந்தக் கோட்டை நாங்களும் போட்டுக்கலாமுங்களா?"

"தாராளமாக. அதற்கு யாரும் வரி போடவில்லை" என்றேன்.

வாய் என்ற ஒன்று எனக்கு இல்லாமலிருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகுதான் யோசித்தேன். இவருக்கு முன்னால் இருந்த தலைவர் இதே கூரையைப் பற்றித் துரையிடம் நேருக்கு நேர் கேட்டவர். வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். ராமையாவுக்கும் அதே கதி வந்தால்? யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரணை வந்தால்? ஹனிபா நானா வேறு, தோட்டத்து ஆள் மாஸ்டரிடம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினார் என்று கீழே நின்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையிலும் எனக்குச் சந்தேகம்.

அடுத்து நடந்ததை ஓமி மேசையில் ஜேசுதாசன் சொல்லித்தான் அறிந்தேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. கொழுந்து தளதளவென்று வந்து நிற்கிறது. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை, நல்ல தமிழில், ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் மலைக்கு வரவேண்டும் என்றாராம். ஞாயிறு வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கேட்டால் வராமல் இருந்ததும் கிடையாது.

அன்று பெண்கள் பக்கத்திலிருந்து, குனிந்த தலை ஒன்று, முகம் தெரியாமல் சொன்னதாம்: "கஷ்டமா இருக்குங்க."

துரை திரும்பிப் பார்த்தார். அதற்குள் இன்னொரு மூலையிலிருந்து: "சாத்தியமில்லீங்க."

பின்வரிசையில் யாரோ, மிகவும் பணிவாக: "வருந்தத்தக்கதுங்க."

அது தன்னுடைய சொல் என்று ஜேசுதாசனுக்கு அங்கேயே உறைத்துவிட்டது. பத்து வருஷமாக அவர் மொழிபெயர்த்துப் போட்டதெல்லாம் அப்படியே திரும்பி வருகிறது!

யார் பேசியது, முன்னால் வா என்றார் துரை. யாரும் வரவில்லை. ராமையா கையைக் கட்டிக்கொண்டு, தன் கால்விரலையே பார்த்தபடி நின்றார். துரை வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாராம். ஒரு முகம் அகப்பட்டிருந்தால் போதும். அன்றைக்கே ஒரு லயத்து வீடு காலியாகியிருக்கும். எல்லா முகத்திலும் ஒரே வருத்தம். தரமான வருத்தம்!

"யாருக்கு மேன் கஷ்டம்?" என்றார் துரை.

"பொதுவாவே கஷ்டமா இருக்குங்க" என்றது ஒரு குரல்.

துரை கிளாக்கர் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், இவர்களுக்கு என்னதான் வேண்டுமாம் என்று கேட்டார். ஜேசுதாசன் அந்த இடத்தில் சொன்ன பதிலைக் கேளுங்கள். கூரை, தகரம், குழந்தை, இருமல் — ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

"இட் இஸ் வெட் இன் த கிரெஷ், சார்."

பிள்ளைக் காம்பராவில் ஈரமாக இருக்கிறது, சார். அவ்வளவுதான். யார் கேட்டார்கள் என்றும் இல்லை, யார் கொடுக்கவேண்டும் என்றும் இல்லை. அவரும் அந்தக் கோட்டுக்குள் புகுந்துகொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தனக்கே தெரியவில்லை என்றார் என்னிடம். நான் நம்பவில்லை.

ஞாயிறு வருவதற்கு முன்னால் லொறியில் தகரம் வந்து இறங்கிவிட்டது. பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார்கள். அனுமதித்தது யார்? பெரிய துரையா, கம்பனியா? யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "அனுமதிக்கப்பட்டிருக்கிறது" என்று மட்டும் கிளாக்கர் அறிவித்தாராம்.

இங்கிலீஷ்காரனை மட்டும் குறை சொல்வானேன்? நம் வீடுகளில் எந்தப் பீங்கானையாவது யாராவது உடைத்ததுண்டா? எல்லாம் தானாகவே உடைந்து போகும். அரசாங்கக் கச்சேரியில் கேட்டால் வேலை "நடந்துகொண்டிருக்கிறது", நடத்துகிறவனைத்தான் காணோம். கெட்ட காரியத்துக்கு ஆள் இல்லாதது எனக்குப் பழகிப் போன விஷயம். ஒரு நல்ல காரியத்துக்கும் ஆள் இல்லாமல் போனதைத்தான் இப்போது முதல்முறையாகப் பார்க்கிறேன். அவ்வளவு பயமா, ஒரு கூரை போட்டதற்கு?

கதையை முடித்த ஜேசுதாசன், சீட்டைக் கலைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். லயத்து ஆட்களுக்குத் தானாக இந்தப் புத்தி வராது, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், யாராக இருக்கும் என்றார்.

"இட் இஸ் டிஃபிகல்ட் டு சே" என்றேன்.

அவர் சீட்டைப் பங்கிட்டார். நாங்கள் இருவரும் மிகுந்த கவனத்தோடு அந்த ஆட்டத்தைத் தோற்றோம்.

போன சனிக்கிழமை ராமையா மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. பேரப்பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டதாம். தொட்டில்கள் காம்பரா முழுக்கப் பரவலாகத் தொங்குகின்றனவாம்; மழை பெய்தால் தகரத்தில் சத்தம் மட்டும்தான் கேட்கிறதாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தீர்களா, அப்படி ஓர் ஆள் இல்லவே இல்லை என்று நான் சொன்னேனே என்றேன்.

ராமையா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"சும்மா இருங்க மாஸ்டர். கேக்கவேண்டிய மாதிரி கேட்டதும் குடுத்துட்டாரு பாருங்க. நல்ல மனுசந்தான்."

நான் திருத்தவில்லை. இரண்டு துரைகளையும் தாண்டி, சுதந்திரத்தையும் தாண்டி இன்னும் பதவியில் இருக்கிற ஒருவரை, இல்லை என்று எழுதிவைக்க எனக்கென்ன பைத்தியமா?